வீட்டிலேயே ஃபர் ஜாக்கெட் தைக்க: மலைப்பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் பேட்டர்ன் (துண்டு துண்டாக வெட்ட உதவும் பேப்பர் மாதிரி) வைத்து ஃபர் ஜாக்கெட் தைக்க இறங்கும்போது வரும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை. இங்கே ஃபர் என்று சொல்வதெல்லாம் செயற்கை ரோமத் துணியைத்தான். ரவிக்கையும் சுடிதாரும் தைக்கத் தெரிந்தவருக்கு இதில் தையல் புதிதில்லை. வெட்டுவதும் முடியை அடக்குவதும்தான் புதிது. துணி வீணாவதும் பெரும்பாலும் வெட்டும்போதுதான். அதனால் அந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

கடையில் பல மாதிரி ஃபர் இருக்கிறது. எதை வாங்குவது?

முதலில் முடியின் நீளத்தைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் குட்டை ரோமம் வெட்டவும் தைக்கவும் எளிது, உடம்போடு அமையும். 2 சென்டிமீட்டர் வரை இருப்பது ஜாக்கெட்டுக்கு நல்ல அளவு. தையல் கோடு முடிக்குள் மறைந்துவிடும், சின்னத் தவறுகளும் அதோடு மறையும். 4 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பார்க்க அழகுதான், ஆனால் கனம் கூடும், ஆளைப் பருமனாகக் காட்டும். முதல் ஜாக்கெட்டுக்கு அது வேண்டாம்.

அடுத்து துணியைப் புரட்டி அடித்துணியைப் பாருங்கள். பெரும்பாலும் பின்னல் துணியாக இருக்கும், கொஞ்சம் இழுபடும். சிலவற்றில் நெய்த துணி இருக்கும், இழுபடாது. இரண்டிலும் தைக்கலாம், ஊசிதான் மாறும். துணியை மடித்துப் பிடியுங்கள். மடிப்பில் அடித்துணி பளிச்சென்று வெளியே தெரிந்தால் முடி நெருக்கமில்லை என்று அர்த்தம். முழங்கையிலும் தோளிலும் அது சீக்கிரம் வழுக்கை விழும். ஒரு சிட்டிகை முடியைப் பிடித்து லேசாக இழுங்கள். வெட்டிய ஓரத்தில் உதிர்வது இயல்பு. துணியின் நடுவிலிருந்தே கையோடு வந்தால் அந்தத் துணி வேண்டாம்.

எவ்வளவு துணி தேவைப்படும்?

ஃபர் துணி வழக்கமாக 58 முதல் 60 அங்குல அகலத்தில் வரும். 36 முதல் 38 அங்குல மார்பளவுக்கு, இடுப்புக்குக் கீழ் வரை இறங்கும் முழுக்கை ஜாக்கெட் என்றால் 2 மீட்டர். தொப்பி வைத்தால் 2.5 மீட்டர். சாதாரணத் துணியில் ஒரு துண்டை நேராகவும் பக்கத்துத் துண்டைத் தலைகீழாகவும் வைத்து மிச்சம் பிடிப்போம். ஃபரில் எல்லா முடியும் ஒரே பக்கம் படிந்திருப்பதால் அது முடியாது. பேட்டர்ன் உறையில் 'ஒரே திசைத் துணிக்கு' என்று தனியாக அளவு போட்டிருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். லைனிங் துணி 44 அங்குல அகலத்தில் சுமார் 2.25 மீட்டர்.

இது எங்கே கிடைக்கும்?

மலையில் இருக்கும் துணிக்கடைகளில் தேர்வு குறைவு. கோயம்புத்தூர் இறங்கினால் ஒப்பணக்கார வீதி, டவுன்ஹால் பக்கம் விசாரிக்கலாம். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு மதுரை விளக்குத்தூண் பகுதி வசதி. 'ஃபர் கிளாத்' என்று கேட்டுப் புரியாவிட்டால் 'பொம்மை செய்கிற துணி' என்று கேளுங்கள். ஆனால் பொம்மைக்கு வரும் மலிவுத் துணியின் அடி விறைப்பாக இருக்கும். உடுப்பாகப் போட்டால் உடம்போடு விழாது. கையில் தொங்கவிட்டுப் பார்த்து, வளைந்து விழுந்தால் மட்டும் வாங்குங்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் முதலில் கால் மீட்டர் வரவழைத்துப் பாருங்கள்.

எந்த மாதிரி பேட்டர்ன் ஃபருக்குப் பொருந்தும்?

தையல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டார்ட், சுருக்கம், கஃப், மேலே ஒட்டும் பாக்கெட் எதுவும் இல்லாத தளர்வான ஜாக்கெட்டாகத் தேடுங்கள். தோள் கீழிறங்கிய கை அல்லது ராக்லான் கை (கழுத்திலிருந்து அக்குளுக்குச் சரிவாகத் தையல் இறங்கும் கை) எளிது. கைக்குழி அளவுக்கு வெட்டி வைக்கும் சாதாரணக் கையாக இருந்தால் கையின் மேல் வளைவு எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்று அளந்து பாருங்கள். கம்பளித் துணியில் அந்தக் கூடுதலை ஆவி பிடித்துச் சுருக்கி உட்கார வைக்கலாம். ஃபரில் அது நடக்காது, தோளில் புடைத்து நிற்கும். 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல் இருந்தால் பேப்பரிலேயே வளைவைக் குறைத்துவிடுங்கள்.

முதுகு நடுவில் தையல் இருந்து அது நேர்கோடாகவும் இருந்தால், அந்தத் தையல் இடத்தைக் கழித்துவிட்டு முதுகை ஒரே துண்டாக வெட்டலாம். முன்பக்க ஓரமும் நேராக இருந்தால் உள்மடிப்புத் துண்டை முன்பக்கத்தோடு ஒட்டி ஒரே துண்டாக்கிவிடுங்கள். இந்த இரண்டும் செய்தால் பாதிப் பிரச்சினை பேப்பரிலேயே தீர்ந்தது.

பேட்டர்னை கம்ப்யூட்டர் ஃபைலாக வாங்கினேன். ஜெராக்ஸ் கடையில் எடுத்தால் அளவு சரியாக வருமா?

'100 சதவீதம்' அல்லது 'உண்மை அளவு' என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பில் எடுத்தால் எல்லாம் கொஞ்சம் சிறுத்துவிடும். முதலில் சோதனைக் கட்டம் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் கட்டம் 9.7 வந்தால் 100 சென்டிமீட்டர் சுற்றளவில் 3 சென்டிமீட்டர் போய்விடும்.

தையலுக்கு விடும் இடம் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அமெரிக்க கம்பெனி பேட்டர்ன்களில் பெரும்பாலும் 1.5 சென்டிமீட்டர் சேர்ந்தே இருக்கும். புர்டா என்ற ஜெர்மன் தையல் இதழோடு வரும் பேட்டர்னில் அது இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். ஃபருக்கு 1 சென்டிமீட்டர் போதும். 1.5 இருந்தால் பேப்பரிலேயே குறைத்து வெட்டிக்கொள்ளுங்கள். மறக்காமல் எல்லாத் துண்டிலும் ஒரே அளவு.

என் வழக்கமான சைஸையே எடுக்கலாமா?

நம் ரெடிமேட் சைஸ் எண்ணை மறந்துவிட்டு, உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரோடு மார்பு, இடுப்பு, கைச்சுற்று அளந்து பேட்டர்ன் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கம்பளிக் கோட்டுக்கான பேட்டர்ன் என்றால் அதில் தளர்வு ஏற்கெனவே இருக்கும். சட்டை மாதிரி உடலொட்டிய பேட்டர்ன் என்றால் ஒரு சைஸ் மேலே போங்கள். அடித்துணியும் லைனிங்கும் சேர்ந்து உள்ளே நிறைய இடம் எடுக்கும்.

காடா துணியில் ஒரு முறை தைத்துப் போட்டுப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டாம். ஃபரைப் பிரித்துத் தைத்தால் அடித்துணியில் ஓட்டை விழும், முடியும் போகும். கையை மேலே தூக்கிப் பாருங்கள், முன்னால் கட்டிக்கொண்டு பாருங்கள். திருத்தம் எல்லாம் காடாவிலேயே முடியட்டும். அந்தக் காடாவைப் பிரித்து லைனிங்குக்கு அளவாக வைத்துக்கொள்ளலாம்.

வெட்டுவது எப்படி? முடி வெட்டுப்பட்டுவிடுகிறதே?

கத்தரிக்கோலை முழுதாகத் திறந்து ஒரே வெட்டாக வெட்டுவதால்தான் முடி போகிறது. ஃபரில் வெட்ட வேண்டியது அடித்துணியை மட்டும். முடி வெட்டுப்படக் கூடாது.

துணியை ஒற்றையாக, முடி கீழே, அடித்துணி மேலே இருக்கும்படி மேஜையில் விரியுங்கள். மடித்துப் போட்டு இரண்டு துண்டை ஒன்றாக வெட்ட முடியாது. முடியைக் கையால் தடவி எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று பார்த்து, அந்தத் திசையில் அடித்துணி முழுக்க நாலைந்து அம்புக்குறி போடுங்கள். அம்பு எல்லாத் துண்டிலும் தோளிலிருந்து கீழே இறங்க வேண்டும். கையில் தோளிலிருந்து மணிக்கட்டுக்கு. ஒரு துண்டு மட்டும் தலைகீழாகப் போனால் நிறமே வேறு மாதிரி தெரியும். வெட்டிய பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

பேட்டர்னில் 'மடிப்பில் வைக்கவும்' என்று இருக்கும் துண்டை, பேப்பரைத் திருப்பிப் போட்டு மறுபாதியையும் வரைந்து முழுத் துண்டாக்குங்கள். இரண்டு வெட்டச் சொல்லும் துண்டை (கை, முன்பக்கம்) ஒரு முறை வரைந்த பிறகு பேப்பரைக் கவிழ்த்துப் போட்டு இரண்டாவதை வரையுங்கள். கவிழ்க்க மறந்தால் இரண்டும் இடது கையாகிவிடும். எல்லாத் துண்டையும் வரைந்து முடித்து, இடது வலது என்று எழுதி, அம்பை ஒரு முறை சரிபார்த்த பிறகே பிளேடைக் கையில் எடுங்கள்.

கருப்பு அடித்துணி என்றால் டெய்லர் சாக். வெள்ளை என்றால் பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனா ஊறி முடிப்பக்கம் வரும். துண்டுகளைச் சேர்க்கும் அடையாளங்களையும் வரையத்தான் வேண்டும். கத்தரியால் கொத்தினால் அந்த இடத்தில் முடி போய்விடும்.

இப்போது வெட்டு. துணியை மேஜையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பேப்பர் கட்டர் அல்லது புது சவர பிளேடால் அடித்துணியை மட்டும் கீறிக்கொண்டே போங்கள். சாய்வாகப் பிடித்து லேசாக இழுத்தால் போதும், அழுத்தம் வேண்டாம். கத்தரிதான் வசதி என்றால் கூர்முனைச் சிறு கத்தரியின் நுனியை அடித்துணிக்கும் முடிக்கும் நடுவே நுழைத்து, நுனியால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். கீறி முடித்ததும் இரண்டு பக்கமும் மெதுவாக விலக்கினால் முடி தானாகப் பிரிந்து வரும். சரியாக வெட்டிய துண்டின் ஓரத்தைத் தாண்டி முடி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த முடிதான் பிறகு தையலை மறைக்கப் போகிறது.

வீடு முழுக்க முடி பறக்கிறது. என்ன செய்வது?

காற்றில்லாத அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு வெட்டுங்கள், முகக்கவசம் போடுங்கள். ஒவ்வொரு துண்டையும் வெட்டியவுடன் ஒரு பெரிய பைக்குள் விட்டு நன்றாக உதறி, ஓரத்தை ஈரக்கையால் தடவி எடுத்துவிடுங்கள். இந்த வேலை முடிந்த பிறகு உதிர்வது வெகுவாகக் குறையும். வாசலில் நின்று உதற வேண்டாம். இது எல்லாம் பிளாஸ்டிக் நார். தேயிலைத் தோட்டத்திலும் ஓடையிலும் போய்ச் சேர்ந்தால் மட்காது. பையோடு கட்டி மட்காத குப்பையில் போடுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய கால் மெஷின். அது போதுமா?

நெய்த அடித்துணிக்குத் தாராளமாகப் போதும். மெதுவாக மிதிக்க முடிவது இந்த வேலைக்கு நல்லதுகூட. 16 ஆம் நம்பர் ஊசி போடுங்கள், கனத்த இடத்துக்கு 18. தையல் நீளம் 3.5 முதல் 4 மில்லிமீட்டர். சின்னத் தையல் போட்டால் அடித்துணியில் நெருக்கமாக ஓட்டை விழுந்து, தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவரும். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். அடிப்பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். கருப்புத் தலை மெஷினில் மேலே இருக்கும் திருகுதான் அது.

பின்னல் அடித்துணி என்றால் பால்பாயின்ட் ஊசி (முனை உருண்டது) வேண்டும். ஜிக்ஜாக் போடும் மெஷினாக இருந்தால் 1 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய ஜிக்ஜாக். கால் மெஷினில் அது இல்லை என்பதால், கைக்குழியிலும் பக்கத் தையலிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தையல் போடுங்கள். ஓவர்லாக் மெஷினில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். அதன் கத்தி முடியையும் சேர்த்து வெட்டிவிடும்.

ஒவ்வொரு நீளத் தையலுக்கும் பிறகு பாபின் கேஸைக் கழற்றிப் பாருங்கள். முடி சேர்ந்து சுற்றிக்கொண்டால் முதலில் தையல் விட்டுவிட்டு விழும், பிறகு நூல் அறும். பிரஷ்ஷால் எடுங்கள், ஊதாதீர்கள். ஊதினால் இன்னும் உள்ளே போகும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

தைக்கும்போது இரண்டு துண்டும் நகர்ந்து போகிறது. தையல் கோடும் மேலே பளிச்சென்று தெரிகிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: முடி தையலுக்குள் மாட்டுகிறது. நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்துச் சேர்க்கும்போது, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முடியை ஒரு பின்னல் ஊசியாலோ மழுங்கிய கத்தியாலோ உள்ளே தள்ளிக்கொண்டே 3 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப் போடுங்கள். துணி காயப்போடும் சின்ன கிளிப்பே போதும். குண்டூசி முடிக்குள் தொலைந்துவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் பெரிய கண்ணாடித் தலை இருக்கும் நீள ஊசி. வழுக்கும் துணி என்றால் கையால் ஓரத்தைச் சுற்றிச் சாய்தையல் போட்டுவிட்டு, கிளிப்பையெல்லாம் எடுத்துவிட்டு மெஷினில் ஓட்டுங்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். அது வீண் போகாது.

எப்போதும் முடி படியும் திசையில், மேலிருந்து கீழே தையுங்கள். தைத்ததும் நல்ல பக்கம் திருப்பி, கனத்த ஊசியின் நுனியால் தையலில் மாட்டிய முடியை ஒவ்வொரு கொத்தாக வெளியே இழுங்கள். நாய்க்குச் சீவும் கம்பி பிரஷ்ஷால் தையலின் குறுக்கே இரண்டு முறை சீவுங்கள். கோடு மறைந்துவிடும். உள்பக்கத்தில் தையல் இடத்தில் இருக்கும் முடியைச் சிறு கத்தரியால் ஒட்ட வெட்டினால் தடிமன் பாதியாகும்.

வரிசை இப்படி: முதலில் பாக்கெட் பை, பிறகு தோள், பிறகு கையைத் தட்டையாக வைத்துச் சேர்ப்பது, கடைசியில் மணிக்கட்டிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே ஓட்டம். தோள் தையலோடு சேர்த்து ஒரு பருத்தி நாடாவையும் வைத்துத் தையுங்கள். நாடா இல்லாவிட்டால் ஜாக்கெட்டின் கனத்துக்குத் தோள் இழுபட்டு, மாட்டி வைத்த நிலையிலேயே தொங்கும். பாக்கெட் பையை லைனிங் துணியிலோ ஃபிளானலிலோ வெட்டிப் பக்கத் தையலுக்குள் வையுங்கள். ஃபரில் வெட்ட வேண்டாம்.

இஸ்திரி போடலாமா?

போடக் கூடாது. சூடு பட்டால் முடி சுருண்டு நெளியும், பிறகு அது நிமிராது. ஆவியும் அப்படித்தான். தையலை விரலால் விரித்து அழுத்தி, இரண்டு ஓரத்தையும் அடித்துணியோடு கையால் குறுக்குத் தையல் போட்டுப் படுக்க வையுங்கள். ஊசி அடித்துணியை மட்டும் பிடிக்கட்டும். இதே காரணத்தால் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸும் ஆகாது. காலருக்கும் முன்பக்கத்துக்கும் தைக்கும் வகைக் கேன்வாஸ் வாங்கிக் கையால் பிடித்துவிடுங்கள்.

முன்பக்கம் மூட பட்டனா, ஜிப்பா, கொக்கியா?

பெரிய கோட் கொக்கிதான் முதல் தேர்வு. முடிக்குள் மறைந்துவிடும், முடியும் மாட்டாது. கொக்கியை லைனிங்குக்கும் ஃபருக்கும் இடையில் இருக்கும் கேன்வாஸோடு சேர்த்துத் தையுங்கள். அடித்துணியில் மட்டும் தைத்தால் கிழித்துக்கொண்டு வரும். கையால் தைக்கும் பெரிய பிரஸ் பட்டனும் நன்றாக இருக்கும். பட்டன் துளை மெஷினில் போட முடியாது. பட்டன் ஆசை இருந்தால் தோல் வளையமும் மரப் பட்டனும் வையுங்கள். ஜிப் வேண்டும் என்றால் 5 ஆம் நம்பர் பிளாஸ்டிக் பல் ஓப்பன் ஜிப், அதன் பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு முடியை ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஜிப் முடியைக் கவ்வும்.

காலரின் மேல் துண்டு ஃபர், அடித்துண்டு லைனிங் அல்லது மெல்லிய கம்பளி. அடித்துண்டைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் சின்னதாக வெட்டினால் ஓரம் உள்ளே சுருண்டு அடங்கும்.

ஃபரே கனமாக இருக்கிறது. லைனிங் தேவையா?

மலையில் லைனிங் கட்டாயம் தேவை. பின்னல் அடித்துணிக்குள் காற்று புகும். தொட்டபெட்டா பக்கம் காற்றடிக்கும் இடத்தில் நின்றால், லைனிங் இல்லாத ஃபர் ஜாக்கெட் கனமாக இருக்கும், குளிர் தாங்காது. நெருக்கமாக நெய்த டஃபேட்டாவோ சாட்டினோ காற்றைத் தடுக்கும், ஸ்வெட்டரின் மேல் வழுக்கிக்கொண்டும் போகும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் விடிகாலையில் வெளியே போகிறவர்கள் உடல் பகுதிக்கு மட்டும் மெல்லிய ஃபிளானலை நடுவில் வைக்கலாம். கைக்கு வேண்டாம், மடக்க முடியாமல் போகும்.

லைனிங்கின் முதுகு நடுவில் 2.5 சென்டிமீட்டர் மடிப்பு விடுங்கள். இல்லாவிட்டால் கையை முன்னால் நீட்டும்போது அக்குளில் லைனிங் கிழியும். கீழ் ஓரம் ஃபரைவிட 2 சென்டிமீட்டர் குட்டையாக, கொஞ்சம் தொளதொளப்பாக இருக்கட்டும். லைனிங்கை மட்டும் தனியாக இஸ்திரி போட்டு முடித்த பிறகு கையால் ஃபரோடு சேர்த்துத் தையுங்கள்.

துவைப்பது, பாதுகாப்பது எப்படி? இங்கே எதுவுமே காயாதே.

அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை. கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துச் சீவிவிடுங்கள். முழுதாகத் துவைப்பதை வெயில் தொடர்ந்து அடிக்கும் மாதங்களுக்கு ஒத்திவையுங்கள். குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைத்தால் அடித்துணி நாள்கணக்கில் காயாமல் வாடை பிடிக்கும். குளிர்ந்த நீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து அலசி, முறுக்காமல், பெரிய துண்டில் சுருட்டி அழுத்தி நீரெடுத்து, நிழலில் தட்டையாகப் போடுங்கள். பாதி காய்ந்ததும் சீவுங்கள்; அப்போதுதான் முடி தன் திசைக்குத் திரும்பும்.

ஃபர் துணி செய்யும் ஆக்ரிலிக்கையும் பாலியஸ்டரையும் அந்துப்பூச்சி தின்னாது, எனவே அதற்காக அந்துருண்டை போட வேண்டாம். பூஞ்சைதான் இங்கே பகை. பிளாஸ்டிக் உறையில் மூடாமல் பருத்தி உறையில், அகலமான ஹேங்கரில், பக்கத்தில் இடைவெளி விட்டு மாட்டுங்கள். வெயில் வரும் நாளில் அலமாரியைத் திறந்து வையுங்கள்.

கணப்பு பக்கத்தில் இதைப் போட்டுக்கொண்டு உட்காரலாமா?

வேண்டாம். ஆக்ரிலிக் சட்டென்று பற்றும், உருகித் தோலில் ஒட்டும். கரி அடுப்பு, கேம்ப் ஃபயர், சமையல் அடுப்பு எதன் அருகிலும் ஃபர் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தைத்தால் இதைப் பெரியவர்கள்தான் கவனிக்க வேண்டும். மோட்அக்ரிலிக் நாரில் செய்த துணி சுடரை விலக்கினால் அணைந்துவிடும் தன்மையுடையது. அது கிடைத்தால் பிள்ளைகளுக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் நெருப்புக்குப் பக்கத்தில் அனுப்ப வேண்டாம்.

முதல் தடவையே முழு ஜாக்கெட் தைக்கலாமா?

தைக்கலாம். கையில்லாத ஜாக்கெட்டில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் துணியில் முடியும், வெட்டு, தோள், பக்கத் தையல், லைனிங் எல்லாம் பழகிவிடும். அதற்கும் முன்னால், வெட்டி மிஞ்சிய இரண்டு துண்டைச் சேர்த்து ஒரு சாண் நீளம் தைத்துப் பாருங்கள். ஊசி, தையல் நீளம், அழுத்தம் மூன்றையும் அதில்தான் முடிவுசெய்ய வேண்டும்.

போட்டுக்கொண்டிருக்கும்போது அக்குளில் தையல் விட்டுவிட்டது.

லைனிங்கின் கைத்தையலை ஒரு சாண் பிரித்து உள்ளே பாருங்கள். நூல் மட்டும் அறுந்திருந்தால் பழைய தையல் கோட்டிலேயே கையால் பின்தையல் போடுங்கள். அடித்துணியே கிழிந்திருந்தால், நாடாவை இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் தாண்டி வைத்து அடித்துணியோடு பிடித்துவிட்டு, அதன் மேல் தையுங்கள். வெளிப்பக்கம் சீவிவிட்டால் தைத்த இடம் தெரியாது.